பிள்ளையால் மூடி வைக்க முடியாத புத்தகம்

கேள்வி: படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் இளையோர் நாவல்கள் 40 அனுப்பியிருக்கிறார். எல்லாம் ஒவ்வொரு பிரதிதான். துப்பறியும் கதைகள், மொழிபெயர்ப்புகள், போர்க்காலத்தில் ஊர்விட்டுப் போன ஒரு பையனின் கதை என்று பலவகை. அவற்றில் ஒன்றை வகுப்பில் வாசிக்கத் தொடங்கினேன். தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டுக்கு வந்துபோகும் மாமன் முறையான ஒருவர் 14 வயதுப் பிள்ளையிடம் தவறாக நடக்கப் பார்க்கிறார். அவள் அதை யாரிடம் சொல்வது என்று தவிக்கிறாள். அதுதான் கதை. மூன்றாம் கிழமை ஒரு மாணவியின் தகப்பன் அதிபரிடம் வந்து சத்தம் போட்டார். (அவருடைய மனைவி குவைத்தில். வகுப்பில் 36 பேர். ஒன்பது பேரின் தாய்மார் வெளிநாட்டில்.) அதிபர் அலுமாரியைப் பூட்டித் திறப்பை வாங்கி வைத்துவிட்டார். எந்த நாவல் வகுப்பில் இருக்கலாம், எது கூடாது என்று ஒரு பட்டியல் தருவீர்களா?
ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு மாவட்டம்

அன்புள்ள ரீச்சர்,

பட்டியல் தரமாட்டேன். 31 வருடம் தமிழ் படிப்பித்தவன் நான். அதில் கடைசிப் பத்து வருடம் ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலை பாடசாலையாக ஏறி இறங்கினேன். எத்தனையோ பட்டியல்கள் கண்டாயிற்று. பட்டியல் போடுகிறவருக்கு உங்கள் வகுப்பின் 36 முகங்களில் ஒன்றுகூடத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒன்பது பேரின் தாய்மார் வெளிநாட்டில் என்று அடைப்புக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் பதில் முழுவதும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது.

‘வகுப்பில் ஒரு புத்தகம்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் அதில் மூன்று வகை இருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும்படி ஆசிரியர் வாசிக்கும் புத்தகம் ஒன்று. விரும்பிய பிள்ளை அலுமாரியிலிருந்து எடுத்துப் போகும் புத்தகம் இன்னொன்று. ஒரு பிள்ளையை நன்றாக அறிந்து, பாடசாலை விட்ட பிறகு கூப்பிட்டு, ‘இதை வாசித்துப் பார் மகள்’ என்று கையில் கொடுக்கும் புத்தகம் மூன்றாவது.

அலுமாரிப் புத்தகம் பிடிக்கவில்லை என்றால் பிள்ளை மூடி வைக்கும். ஒரு பக்கத்தைத் தாண்டிப் போகும். அழுகை வந்தால் ஒருவருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்கும். வகுப்பில் வாசிக்கும் புத்தகத்தைப் பிள்ளையால் மூட முடியாது. புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளை வாங்கில் இருந்தே ஆக வேண்டும், பக்கத்தில் 35 பேர் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க.

இதை நான் ஒரு பிள்ளையை நோகடித்துத்தான் படித்தேன். 2006ஆம் ஆண்டு, அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பாடசாலை. சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அந்த மாவட்டம்தான். தகரக் கொட்டிலில் வகுப்பு நடந்தது. பிள்ளைகள் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று ஒரு சாகசக் கதையைத் தேடி எடுத்துப்போனேன். தோணியில் தனியாகக் கடலுக்குப் போய்விடும் ஒரு பொடியனின் கதை. யாரையும் புண்படுத்தும் சொல் ஒன்றும் அதில் இல்லை. காற்றும் அலையும் எழும்புகிற இடம் வந்தபோது பின் வாங்கில் இருந்த ஒரு மகன், “சேர், தண்ணி குடிக்கப் போகட்டா?” என்று கேட்டான். அத்தியாயம் முடியட்டும் என்றேன். கொஞ்சத்தில் மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவையும் கேட்டான். நான் நல்ல குரலில், ஏற்ற இறக்கத்தோடு, வாசித்துக்கொண்டே போனேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்திருந்தான். அவனுடைய தங்கையைக் கடல் கொண்டுபோனதை அதற்குப் பிறகுதான் கேட்டறிந்தேன். அந்தப் புத்தகம் இன்றும் எனக்கு நல்ல புத்தகம்தான். அதை நான் வாசித்த இடம் பிழை. அதிலும் பெரிய பிழை, வாசிக்க முன் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்காமல் விட்டது.

உங்கள் நாவலுக்கு வருவோம். அதை நானும் வாசித்திருக்கிறேன். உண்மையாக எழுதப்பட்ட நாவல். அந்தப் பிள்ளையின் பயம் பயமாகவே வருகிறது. படிக்கிறவர் ருசித்துப் பார்க்கும்படி ஒரு வரிகூட அதில் கிடையாது. அது பாடசாலையில் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் உங்கள் வகுப்பில் உரத்து வாசிக்கும் புத்தகமாக இந்த வருடம் அது வேண்டாம்.

தகப்பன் சத்தம் போட்டதற்காக இதைச் சொல்லவில்லை. ‘இந்த வயதில் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டுமா’ என்ற கேள்வியை நம் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் பாரதக் கதை நடக்கிறது. தகப்பன்மாரின் தோளில் இருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். சபை நடுவே, மைத்துனன் முறையானவன் ஒரு பெண்ணின் சேலையில் கை வைத்த கதை அது. மூத்தவர்கள் வாய்மூடி இருந்த கதை. அதைக் கேட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று நம் மாவட்டங்களில் ஒருவரும் சொன்னதில்லை. பக்கத்தில் அம்மம்மா இருக்கிறாள், ‘இது அநியாயம் மகன், பார், அம்மாள் கேட்பா’ என்று சொல்லித் தருகிறாள். நெருப்பு மிதிப்பு வரைக்கும் ஊரே கூடி நின்று அந்த அநியாயத்துக்குப் பதில் தேடுகிறது. கொடுமையைக் கதையில் காட்டுவது நமக்குப் புதிதல்ல. யாருக்குப் பக்கத்தில் இருந்து பிள்ளை அதைக் கேட்கிறது என்பதைத்தான் நம் முன்னோர் பார்த்தார்கள்.

உங்கள் வகுப்பில் அந்த ஒன்பது பேருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கதையில் ‘தாய் வெளிநாட்டில்’ என்ற வரி வந்தவுடன் மற்ற 27 பேரின் கண்ணும் எங்கே திரும்பியிருக்கும்? இடைவேளையில் ஒரு பொடியன் விளையாட்டுக்கு, ‘உன்ட மாமாவும் அப்படியா?’ என்று கேட்டிருந்தால்? கேட்டிருக்கக்கூடும் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தகப்பனின் மகள் அப்படி ஏதோ ஒன்றைக் காவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, ரீச்சர். மனைவியை அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற ஒரு மனிதர், தன் வீட்டைப் பற்றி ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

ஆகவே இந்த நாவலை அலுமாரியில் வையுங்கள். பூட்டாத அலுமாரியில். பாதிப் பக்கங்களை விட்டுவிட்டு வாசிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். நீங்கள் தாண்டிய பக்கத்தைத்தான் பிள்ளைகள் முதலில் தேடி எடுப்பார்கள்.

இப்படி ஒரு புத்தகம் அலுமாரியில் இருந்தால் இன்னொன்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு பிள்ளை புத்தகத்தைத் திருப்பித் தரும்போது மேசைக்குப் பக்கத்தில் நின்று கொள்ளும், போகாது. அல்லது கட்டுரைக் கொப்பியில் ஒரு பந்தி எழுதியிருக்கும். அப்போது ‘யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். அது சொல்வதைச் சொல்லவிடுங்கள், நம்புகிறேன் என்று சொல்லுங்கள். பிறகு அன்றைக்கே வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் அதிபருக்கும் தெரியப்படுத்துங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்தப் பிள்ளையும் தானே அழைக்கலாம். அந்த இலக்கத்தை அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். புத்தகம் எடுக்க வருகிற ஒவ்வொரு பிள்ளையும் அதைக் காணும், யாருக்காக ஒட்டியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

சரி, வகுப்பில் எதை வாசிப்பது? அதற்கு முதலில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். ஒரே பிரதி என்கிறீர்கள். அப்படியென்றால் வகுப்பு நாவல் என்பது உங்கள் வாயால் வாசிக்கும் நாவல். கிழமைக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினாலும், 40 நிமிடத்தில் பிள்ளைகள் வந்து இருந்து, விட்ட இடத்தை ஞாபகப்படுத்தி, கடைசியில் கொஞ்சம் கதைத்துப் பார்த்தால் 10, 12 பக்கம்தான் ஓடும். 150 பக்க நாவல் ஒன்றுக்கு ஒரு தவணை முழுக்கப் போய்விடும். வருடத்துக்கு மூன்று நாவல், அவ்வளவுதான். தரம் 11இல் பரீட்சை நெருக்கும், அங்கே இதற்கு இடமில்லை. தரம் 9தான் இதற்கு நல்ல நேரம். 40 புத்தகத்திலும் மூன்றைத்தான் வகுப்புக்கு எடுக்கப்போகிறீர்கள். மீதி 37 அலுமாரியில் தம் பாட்டில் பிள்ளைகளைத் தேடிக்கொள்ளும். இப்படிப் பார்த்தால் அதிபரோடு உள்ள பிணக்கும் பாதி குறைந்துவிடும்.

அந்த மூன்றை எடுக்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முழுப் புத்தகத்தையும் வாசிப்பேன், பின்னட்டையை நம்பமாட்டேன். பிறகு எனக்குப் பயம் தருகிற பக்கம் எதுவோ அதை வீட்டில் உரத்து வாசித்துப் பார்ப்பேன். குரல் தடக்கினால் ஏன் தடக்கியது என்று யோசிப்பேன். வெட்கத்தால் தடக்கினால் அது என் பிரச்சினை, பழகிக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் முகம் ஞாபகம் வந்து தடக்கினால் அந்தப் புத்தகம் வகுப்புக்குப் போகாது.

மொழிபெயர்ப்புகளுக்கு இந்த உரத்த வாசிப்பு இன்னொரு விதத்திலும் உதவும். உங்கள் நாக்கு இரண்டு பக்கத்துக்குள் நான்கு தடவை இடறினால் பிள்ளைகளின் காது அதற்கு முன்பே வெளியே போயிருக்கும். கதை எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் அலுமாரிக்கே அனுப்பிவிடுங்கள்.

போர்க்காலக் கதைக்குக் கொஞ்சம் கூட நேரம் எடுக்க வேண்டும். உங்கள் தரம் 9 பிள்ளைகள் எல்லோரும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். போர் அவர்களுக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் யாரோ கதைக்காமல் இருக்கும் ஒரு விஷயம், அவ்வளவுதான். அந்த நாவலை வாசித்தால் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்பார்கள். ‘அம்மப்பா எப்படிச் செத்தார்?’ என்று இரவுச் சாப்பாட்டில் ஒரு கேள்வி வந்து விழும். தாங்க வேண்டியவர்கள் பெற்றோர். ஆகவே தொடங்க முன் ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்: இப்படி ஒரு கதை வாசிக்கப்போகிறோம், பிள்ளை கேட்டால் சொல்ல முடிந்ததைச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ‘பிறகு சொல்கிறேன்’ என்று சொல்லுங்கள் என்று.

அடுத்தது, அந்த நாவலில் மற்றச் சமூகத்துப் பிள்ளை ஒன்று வருகிறதா என்று பாருங்கள். 1990இல் நடந்த கொலைகளை இந்த மாவட்டத்தில் தமிழ் ஊர்கள் ஒரு விதமாகவும் முஸ்லிம் ஊர்கள் இன்னொரு விதமாகவும் நினைவில் வைத்திருக்கின்றன. இரண்டு பக்கமும் செத்தவர்கள் இருக்கிறார்கள். நம் பாடசாலைகளோ பெரும்பாலும் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று தனித்தனியாக இருக்கின்றன. ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே வீதியால் போய் வேறு வேறு வாசலால் நுழைகிறார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் எதையும் வாசித்துவிடலாம், எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. அதனால் நான் ஒரு வாங்கைக் காலியாக நினைத்துக்கொள்வேன். அதில் அடுத்த ஊர்ப் பிள்ளை ஒன்று வந்து இருந்தால் இதே பக்கத்தை இதே குரலில் வாசிப்பேனா? வாசிப்பேன் என்றால் அது வகுப்புக்கு உரியது, எவ்வளவு வலி அதில் இருந்தாலும். குரலைத் தாழ்த்த வேண்டி வருமென்றால் வேண்டாம். தரம் 9க்கு இந்தச் சோதனையை நான் மிகவும் நம்புகிறேன்.

காதல் வருகிற நாவல்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதிபர் கேட்பார். உயர்தரத்தில் அகத்திணையைப் பாடமாகவே படிப்பிக்கிறோம், ஆகவே காதல் என்ற சொல்லுக்காகப் புத்தகத்தை ஒதுக்க முடியாது. எந்தக் காதல் என்று பாருங்கள். விருப்பமில்லை என்று சொன்ன பிள்ளையை ஆறு மாதம் பின்தொடர்ந்து கடைசியில் சம்மதிக்க வைக்கிறவன் கதாநாயகன் என்றால், பஸ் தரிப்பில் அதே கஷ்டத்தைப் படுகிற மகள்மார் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அதை வாசிப்பதில்லை.

பிள்ளை ஒன்று தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் நாவல் என்றால் நான் கடுமையாகவே இருப்பேன். எப்படிச் செய்தது என்று விவரித்து எழுதியிருந்தால் அலுமாரியிலும் வைக்கமாட்டேன். நம் ஊர்களில் அந்தச் சாவு எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இழந்த பிறகு இருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று சொல்லும் நாவலாக இருந்தால், மூன்றாவது வகையில் வைத்து, ஆள் பார்த்துக் கொடுக்கலாம். 1926 மனநல உதவி இலக்கமும் அந்த அலுமாரிக் கதவில் இருக்கட்டும்.

துப்பறியும் கதைகளைத் தாராளமாக வெளியே விடுங்கள். வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் முடித்திராத பொடியன் முதல் தடவையாக ஒன்றை முடிப்பது அதில்தான்.

‘பிழையான முன்மாதிரி’ என்ற குற்றச்சாட்டு வந்தால் அதிபருக்கு ஒரு உதாரணம் சொல்லலாம். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய ‘மடோல் தூவ’ நாவலில் உபாலி என்ற அடங்காத பொடியன் தன் வீட்டு வேலைக்காரப் பையன் ஜின்னாவோடு வீட்டை விட்டே ஓடுகிறான். சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை வாசிக்கிறார்கள். அதை வாசித்துப் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடிவிடுவார்கள் என்று யாரும் அதைப் பூட்டி வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ஓடினார்கள், கதையை ஏன் உபாலி மட்டும் சொல்கிறான், ஜின்னா சொன்னால் எப்படி இருக்கும் என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு பாடவேளை போதாது.

இனி அதிபர். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வகுப்புக்குத் தெரிவு செய்யும் ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தத் தரத்துக்கு, ஏன் இதை எடுத்தேன், கஷ்டமான பக்கங்கள் எவை, அங்கே வகுப்பை எப்படி நடத்துவேன், பெற்றோர் ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம். கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும். அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துவது தண்டனை மாதிரி ஆகிவிடும். நூலகத்தில் இருந்து வேறு நாவல் வாசிக்கட்டும், கூட ஒரு சிநேகிதியும் போகட்டும். இந்தப் பக்கத்தை எழுதும்போது இன்னொரு ஆசிரியரும், முடிந்தால் ஒரு தாயும், நாவலை வாசித்திருக்க வேண்டும். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது, அதைச் சாட்டி அலுமாரியைத் திறக்கச் சொல்லிக் கேட்பது அதிபருக்கும் சுகம்.

இன்னொரு விஷயம், சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். வந்த 40இல் நம் பக்கத்துக் கதை எத்தனை? குறைவாகத்தான் இருக்கும். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், காவல் பரணும், வாவியில் தோணியும், ‘மறுகா’ என்ற நம் ஊர்ச் சொல்லும் அச்சில் வருவதைக் காணும்போது ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் கிழக்கிலங்கை எழுத்தாளர்களின் நூல்கள் நிறைய இலவசமாகக் கிடக்கின்றன. இளையோருக்கென்றே எழுதியவை குறைவு, ஆனால் தேடினால் தரம் 9க்கு ஏற்ற குறுநாவலும் சிறுகதையும் கிடைக்கும். கைப்பேசியில் இறக்கி வைத்து வாசித்துக் காட்டலாம்.

இதற்கெல்லாம் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தகப்பனைப் போய்ப் பாருங்கள். பாடசாலைக்குக் கூப்பிட வேண்டாம், வீட்டுக்குப் போங்கள். வெள்ளாமை வேலை முடிந்து அவர் இருக்கும் நேரமாகப் பார்த்து, இன்னொரு ஆசிரியையையும் கூட்டிக்கொண்டு. அந்த நாவலையும் கொண்டுபோங்கள். வகுப்பில் இனி இதை வாசிக்கமாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள். உங்கள் மகளை நோகப்பண்ண நினைக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர் கதைத்தால் கேட்டுக்கொண்டிருங்கள், குறுக்கே விளக்கம் சொல்ல வேண்டாம். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டினால், ‘வைத்திருந்து வாசியுங்கள்’ என்று விட்டுவிட்டு வாருங்கள். எப்போது திருப்பித் தர வேண்டும் என்று திகதி சொல்ல வேண்டாம்.